ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லையா? கேபிளை இறுக்கும் முன் டிரம்மைத் திறந்து பாருங்கள்!

மலைத் தோட்டங்களில் ஓடும் பழைய பிக்-அப், ஜீப் வைத்திருப்போருக்கு

கார்த்திகை பிறந்துவிட்டால் சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறிப்பு மும்முரமாகிவிடும். அதன் பின்னாலேயே மிளகு. ஏற்காடு ஒன்றியம், மாரமங்கலம் ஊராட்சியைச் சுற்றியுள்ள தோட்டச் சாலைகளில் பழைய ஜீப்பும் பிக்-அப்பும் 'குட்டி யானை'யும் மூட்டை ஏற்றுவதற்காக ஆங்காங்கே நின்று நின்று போகும். சமதளமாக இடம் பார்த்து நிறுத்துவதற்கு இந்த மலையில் வழி குறைவு. பெரும்பாலும் சரிவில்தான் நிறுத்தியாக வேண்டும். ஓட்டுநர் இறங்கி மூட்டைக்குக் கை கொடுப்பார். பறிப்புக்கு வந்த பெண்கள் வண்டியின் பின்பக்கம் நிற்பார்கள். பிள்ளைகள் நிழல் தேடி வண்டி ஓரம் உட்காருவார்கள். அந்த நேரத்தில் அத்தனை பேர் உயிரையும் தாங்கி நிற்பது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான்.

விதை, உரம் பற்றி எழுத வேண்டிய வேளாண் அலுவலர் பிரேக் பற்றி ஏன் எழுதுகிறார் என்று கேட்கலாம். விளைந்ததை மலையிலிருந்து இறக்கிச் சேலம் சந்தையில் சேர்ப்பதும் விவசாயத்தில் ஒரு பகுதிதான். ஸ்பிரேயரையும் மோட்டாரையும் பராமரிக்கிற நாம், ஹேண்ட் பிரேக்கை மட்டும் அது கைவிடும் நாள் வரை கண்டுகொள்வதில்லை. கொஞ்சம் பிடிப்பு குறைந்தால், 'கேபிளை இரண்டு சுற்று இறுக்கு, போதும்' என்று முடித்துவிடுகிறோம். தவறு தொடங்குவது அந்த இடத்தில்தான்.

சரிவில் பாரம் எவ்வளவு இழுக்கிறது?

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். வண்டியும் சுமையும் சேர்ந்து 2,500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 அடி நீளத்துக்கு 1 அடி ஏறும் சாலையில் அதை நிறுத்தினால், கீழ்நோக்கி இழுக்கும் விசை சுமார் 250 கிலோ. அதுவே 6 அடிக்கு 1 அடி ஏறும் செங்குத்தான தோட்டப் பாதை என்றால் சுமார் 400 கிலோ. காலி வண்டி 1,500 கிலோ என்றால், முதலில் சொன்ன சரிவில் 150 கிலோதான் இழுக்கும்.

காலி வண்டியை நின்ற இடத்திலேயே பிடித்த பிரேக், மூட்டை ஏறிய பிறகும் பிடிக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. சரிவில் நின்று மூட்டை ஏற்றும்போது ஒவ்வொரு மூட்டைக்கும் இழுவை கூடிக்கொண்டே போகிறது. பிரேக்கின் பிடிப்பு மட்டும் கூடுவதில்லை. காலி வண்டியோடு நன்றாக நின்ற வண்டி, பாரம் ஏறும்போது திடீரென நகரத் தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் வண்டியில் எந்த வகை?

மலையில் ஓடும் பழைய வண்டிகளில் பொதுவாக இரண்டு வகை ஹேண்ட் பிரேக் உண்டு.

முதல் வகை, பின் சக்கர டிரம்முக்குள் இருப்பது. பிக்-அப், 2005-ல் வந்த டாடா ஏஸ் போன்ற வண்டிகளில் இந்த முறைதான். காலால் மிதிக்கும் பிரேக்குக்கும் கையால் இழுக்கும் பிரேக்குக்கும் பின் சக்கரத்தில் ஒரே ஷூதான். மிதித்தால் ஆயில் அழுத்தம் ஷூவை விரிக்கும். லிவரை இழுத்தால் கேபிள் விரிக்கும்.

இரண்டாம் வகை, புரொப்பெல்லர் ஷாப்டில் இருப்பது. மஹிந்திரா நிறுவனம் 1947-ல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த பழைய ஃபோர் வீல் ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக்குக்குச் சக்கரத்தோடு நேரடித் தொடர்பு இல்லை. டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்பக்கம், புரொப்பெல்லர் ஷாப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன டிரம் இருக்கும். அதற்குள் தனியாக இரண்டு ஷூ. அவை ஷாப்டைப் பிடிக்கும். ஷாப்ட் சக்கரத்தைப் பிடிக்கும்.

வண்டிக்குக் கீழே குனிந்து, ஹேண்ட் பிரேக் கேபிள் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் போனால் முதல் வகை. வண்டியின் நடுவிலேயே முடிந்தால் இரண்டாம் வகை.

கேபிளை இறுக்கினால் என்ன கேடு?

ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் தேயத் தேய, டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவில் இடைவெளி கூடும். லிவர் முன்பைவிட உயரமாக வரும். இடைவெளி கூடியது டிரம்முக்குள். அதைக் கேபிளில் சரிசெய்தால் லிவர் கைக்கு இறுக்கமாகத் தெரியும். ஆனால் தேய்ந்த லைனிங் தேய்ந்தபடியேதான் இருக்கும்.

இதோடு போகாது. அளவுக்கு மீறி இறுக்கிய கேபிள், லிவரை இறக்கிய பிறகும் ஷூவை முழுதாக உள்ளே திரும்ப விடாது. ஷூ டிரம்மை உரசிக்கொண்டே ஓடும். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு இறங்கும்போது, ஏற்கெனவே சூடாகும் டிரம் இன்னும் சூடேறும். லைனிங் கருகிக் கண்ணாடி போல வழவழப்பாகிவிடும். அப்புறம் கால் பிரேக்கும் சேர்ந்தே பலவீனமாகும். தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு உள்ள வண்டிகளில், கேபிள் எப்போதும் இழுபட்டே இருந்தால் அந்த அமைப்பும் ஒழுங்காக வேலை செய்யாது.

அதனால் முறை இதுதான்: முதலில் ஷூ, கடைசியில் கேபிள்.

டிரம்மைக் கழற்றும் முன்

பிரேக் வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று, என்ன செய்கிறார் என்று தெரிந்து பாருங்கள். செய்யத் தெரிந்தவர்கள் கவனிக்க வேண்டியவை:

வேலை செய்யும் இடம் சமதளமாக இருக்க வேண்டும். முன் சக்கரங்கள் இரண்டுக்கும், முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். வீல் நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொண்டு, பிறகு ஜாக்கி வையுங்கள். தூக்கிய வண்டியை இரும்பு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ, அடுக்கிய கல்லை நம்பியோ வண்டிக்கு அடியில் போகக் கூடாது. இத்தனையும் ஆன பிறகே ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். இறக்காவிட்டால் டிரம் வராது.

டிரம்முக்குள் இருக்கும் கரும்பொடியைக் காற்று அடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால், கேடு பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். முகக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

திறந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

லைனிங் ரிவெட் அடித்ததா, ஒட்டியதா என்று பாருங்கள். ரிவெட் அடித்ததில், ரிவெட் தலைக்கு மேல் 1 மில்லிமீட்டர் கூட மிஞ்சவில்லை என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இன்னும் ஓட்டினால் ரிவெட் டிரம்மைக் கீறிவிடும். ஒட்டிய லைனிங்கில் வெடிப்போ, ஓரம் தூக்கியதோ தெரிந்தால், தடிமன் இருந்தாலும் மாற்றுங்கள்.

லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கிறதா என்று முகர்ந்தும் தொட்டும் பாருங்கள். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவினாலும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் பழைய பிடிப்பு வராது. மாற்றத்தான் வேண்டும். அதோடு எண்ணெய் எங்கிருந்து வந்தது என்றும் கண்டுபிடிக்க வேண்டும். வீல் சிலிண்டர் ரப்பரைத் தூக்கிப் பார்த்தால் ஈரம் தெரியும். அப்படியென்றால் பிரேக் ஆயில் கசிவு. சிலிண்டர் காய்ந்திருந்தால் அச்சின் ஆயில் சீல் போயிருக்கும். கசிவை நிறுத்தாமல் புது ஷூ போடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

டிரம்மின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஆழமான வரி, வெடிப்பு, ஓரத்தில் உயர்ந்த மேடு இருந்தால் லேத்துப் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டும். பல டிரம்களில், அதிகபட்சம் எவ்வளவு விட்டம் வரை கடையலாம் என்று பொறித்திருப்பார்கள். அந்த அளவைத் தாண்டினால் புது டிரம்தான்.

ஷூ மாற்றும் முறை

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே அடுத்த பக்கம் போங்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் இருந்தது என்று சந்தேகம் வந்தால், பிரிக்காத பக்கம் வழி காட்டும். கழற்றும் முன் கைபேசியில் நான்கு படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

ஷூவை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கை முதலில் கழற்ற வேண்டும். இது வேகமாகத் தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். பிறகு ஷூவைத் தட்டோடு அழுத்தி வைத்திருக்கும் ஊசியையும் சிறு ஸ்பிரிங்கையும் எடுங்கள். பின்பக்க ஷூவோடு இணைந்திருக்கும் லிவரிலிருந்து கேபிளை விடுவியுங்கள். இந்த நேரத்தில் யாரும் கால் பிரேக்கை மிதிக்கக் கூடாது. மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்து விழும்.

சில வண்டிகளில் முன் ஷூவுக்கும் பின் ஷூவுக்கும் லைனிங் நீளம் வேறு வேறாக இருக்கும். இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஷூக்களுக்கு இடையில் இருக்கும் பல்சக்கர அட்ஜஸ்டரைக் கழற்றி, துரு நீக்கி, மரையில் சிறிது கிரீஸ் தடவி, கையால் சுற்றினால் சுலபமாகச் சுற்றும்படி செய்யுங்கள். இடது பக்க அட்ஜஸ்டரும் வலது பக்க அட்ஜஸ்டரும் எதிரெதிர் மரை கொண்டவையாக இருக்கலாம். ஒன்றோடு ஒன்று கலக்க வேண்டாம். ஷூவின் ஓரம் தட்டில் உரசும் இடங்களில் சூடு தாங்கும் கிரீஸை மெல்லியதாகப் பூசினால் போதும். லைனிங்கிலோ டிரம்மிலோ கிரீஸ் படவே கூடாது. கையில் இருக்கும் அழுக்கும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோர்ந்துபோன ஸ்பிரிங்குகளைப் புதிதாக வாங்கிவிடுங்கள். ஏற்காட்டுப் பனியிலும் மழையிலும் கேபிளின் உறைக்குள் நீர் புகுந்து துருப்பிடிப்பது சாதாரணம். லிவரை இறக்கியும் கேபிள் தானாகத் திரும்பவில்லை என்றால், எண்ணெய் விட்டு ஒப்பேற்றாமல் கேபிளை மாற்றுங்கள்.

ஷூ எப்போதும் இரண்டு சக்கரத்துக்கும் ஜோடியாகவே மாற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் பழையது என்று இருந்தால், மழையில் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

அட்ஜஸ்ட்மென்ட்: வரிசை மாறக் கூடாது

முதலில் கேபிள் நட்டைத் தாராளமாகத் தளர்த்திவிடுங்கள். இரண்டு பக்க ஷூவும் உள்ளே முழுதாக உட்கார வேண்டும். டிரம்மை மாட்டி, பின் தட்டில் உள்ள துளை வழியாக ஸ்க்ரூ டிரைவரால் பல்சக்கரத்தைச் சுற்றுங்கள். டிரம் சுற்றாமல் பிடிக்கும் வரை சுற்றிவிட்டு, பிறகு எதிர்ப்பக்கம் பல் பல்லாகத் திருப்புங்கள். டிரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும். காது கொடுத்துக் கேட்டால் இலேசான உரசல் மட்டும் இருக்கலாம். கால் பிரேக்கைச் சில முறை மிதித்து ஷூ நடுவில் உட்கார விட்டு, மறுபடியும் சுற்றிப் பாருங்கள். அடுத்த சக்கரத்துக்கும் இதே மாதிரி.

இரண்டு சக்கரமும் சரியான பிறகுதான் கேபிள். பல வண்டிகளில் லிவரை இழுக்கும்போது 5 முதல் 8 'கிளிக்' சத்தத்துக்குள் முழுப் பிடிப்பு வர வேண்டும். உங்கள் வண்டிக்கு உரிய எண்ணிக்கை கையேட்டில் இருக்கும். லிவரை முழுதாக இறக்கினால் இரண்டு சக்கரமும் தாராளமாகச் சுற்ற வேண்டும். முழுதாக இழுத்தால் இரண்டும் ஒன்றுபோல நிற்க வேண்டும். ஒன்று மட்டும் நின்று, மற்றது சுற்றினால் அந்தப் பக்கக் கேபிள் இறுகியிருக்கிறது, அல்லது இரண்டு கேபிளுக்கும் இழுவையைப் பங்கு போடும் தட்டு சிக்கியிருக்கிறது என்று பொருள்.

பழைய ஜீப்புக்குத் தனி எச்சரிக்கை

ஷாப்டில் பிரேக் உள்ள ஜீப்பில் ஷூ மாற்ற, புரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டால் பின் சக்கரத்துக்குக் கியரும் இல்லை, ஹேண்ட் பிரேக்கும் இல்லை. கட்டை மட்டுமே வண்டியைப் பிடித்திருக்கும் என்பதால் சமதளத்தைத் தவிர வேறு எங்கும் இந்த வேலை கூடாது. இந்த ஜீப்புகளில் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின் சீல் கசிந்து, கியர் ஆயில் டிரம்முக்குள் இறங்குவது அடிக்கடி நடக்கும். ஷூ மாற்றும்போதே அந்தச் சீலையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

இன்னொரு விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது. இந்த வகை பிரேக் ஷாப்டைத்தான் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினால், ஷாப்ட் நின்றிருந்தாலும் பின் அச்சில் உள்ள டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கமும் தரையில் உள்ள சக்கரம் எதிர்ப் பக்கமும் சுற்ற முடியும். அதாவது ஹேண்ட் பிரேக் முழுதாக இழுத்திருந்தும் வண்டி உருளும். முதல் கியரில் போட்டிருந்தாலும் இதே கதைதான். மலைச் சாலையில் பஞ்சர் ஆனால், கட்டை போடாமல் பின் டயரைத் தூக்கவே தூக்காதீர்கள். ஓடும் வண்டியை நிறுத்தவும் இந்தப் பிரேக்கை இழுக்கக் கூடாது. ஷாப்டும் ஜாயின்ட்டும் அடி வாங்கும்.

சோதித்த பிறகே நம்புங்கள்

புது ஷூ டிரம்மோடு முழுதாகப் பொருந்தச் சில நாள் ஆகும். அதுவரை பிடிப்பு சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். முதலில் இலேசான சரிவில், காலி வண்டியோடு சோதியுங்கள். ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருக்க வேண்டும். கால் பிரேக்கின் மேல் தயாராக இருக்க வேண்டும். வண்டிக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. மேல்நோக்கி ஒரு முறை, கீழ்நோக்கி ஒரு முறை பாருங்கள். பிறகு பாரத்தோடு பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பல்சக்கர அளவையும், வீல் நட்டுகளையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

எவ்வளவு நல்ல பிரேக்காக இருந்தாலும், சரிவில் நிறுத்தும் முறை ஒன்று உண்டு. கால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். காலை மெதுவாக எடுத்து, வண்டி நிற்கிறதா என்று பாருங்கள். நின்ற பிறகு இன்ஜினை அணைத்துக் கியரில் விடுங்கள். மூக்கு மேல்நோக்கி இருந்தால் முதல் கியர், கீழ்நோக்கி இருந்தால் ரிவர்ஸ். வண்டி நகர்ந்தால் பள்ளத்தின் பக்கம் போகாமல் மண்மேட்டில் மோதி நிற்கும்படி முன் சக்கரத்தைத் திருப்பி வையுங்கள். கடைசியாக, டயரின் இறக்கப் பக்கம் கட்டை. கிடைத்த உருண்டைக் கல்லை வைக்காமல், ஆப்பு வடிவில் வெட்டிய இரண்டு மரக்கட்டைகளை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சில்வர் ஓக் கிளை ஒன்றிலேயே இரண்டும் செய்துவிடலாம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்றவர் இல்லாதபோது, இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டு, அல்லது வேறு வழி செய்து, வண்டி தானாக நகராதபடி பார்த்துக்கொள்வது ஓட்டியவரின் கடமை என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-வது பிரிவு.

வாசகர் கேள்விகள்

நான்கைந்து நாள் வண்டி எடுக்காமல் விட்டால் பின் சக்கரம் பிடித்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் அதிகம். என்ன செய்வது?

ஈரத்தில் டிரம் துருப்பிடித்து, லைனிங் அதோடு ஒட்டிக்கொள்கிறது. இன்ஜினை முறுக்கி இழுக்காதீர்கள். ஒட்டிய லைனிங் ஷூவிலிருந்து பிய்ந்து வரும். கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, டிரம்மைச் சுற்றி ரப்பர் சுத்தியலால் தட்டினால் பெரும்பாலும் விடும். பல நாள் நிறுத்துவதென்றால் சமதளத்தில், கியரில் விட்டு, நான்கு கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி வையுங்கள்.

புது ஷூ வாங்காமல், பழைய ஷூவுக்கு லைனிங் மட்டும் மாற்றி அடித்துக்கொள்ளலாமா?

ஷூ இரும்பு வளையாமல், ரிவெட் துளைகள் பெரிதாகாமல் இருந்தால் மாற்றலாம். ரிவெட் உறுதியாக இருக்க வேண்டும். லைனிங் ஷூவோடு இடைவெளி இல்லாமல் படிந்திருக்க வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் ஒரே ரக லைனிங் போடுங்கள். ஒட்டும் முறை என்றால் அதற்குரிய சூடேற்றும் வசதி உள்ள இடத்தில் மட்டும் கொடுங்கள்.

டிராக்டரில் பிரேக் பூட்டு போட்டும் டிரெய்லரோடு நகர்கிறது. ஏன்?

டிராக்டரில் இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனிப் பெடல். இரண்டையும் இணைக்கும் கொக்கியைப் போடாமல் பூட்டினால் ஒரு சக்கரம் மட்டுமே பிடிக்கும். இரண்டு பெடலும் ஒரே அளவு இறங்குகிறதா என்றும் பாருங்கள். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லை என்றால் அதன் முழுப் பாரமும் டிராக்டர் மேல்தான். டிரெய்லர் டயருக்கும் கட்டை போட மறக்க வேண்டாம்.

அடுத்த முறை பட்டறையிலிருந்து 'ஹேண்ட் பிரேக் சரி பண்ணியாச்சு' என்று வண்டியைக் கொடுத்தால், பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'டிரம்மைக் கழற்றிப் பார்த்தீர்களா?' இல்லை என்று பதில் வந்தால், அந்த வண்டியைச் சரிவில் நிறுத்தாதீர்கள்.